முதல் ஆர்சி விமானம்: ஃபைட்டர் மாடல் வாங்கலாமா?

வியாசைத் தம்பி:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். வியாசர்பாடியில் இருக்கிறேன். சின்ன வயதில் மொட்டைமாடியில் காத்தாடி விட்ட கை, இப்போது ரிமோட்டில் பறக்கும் ஆர்சி விமானம் கேட்கிறது. ரிமோட்டோடு சேர்த்து 15,000 ரூபாய் வரை போகலாம். மஸ்டாங் என்ற ஃபைட்டர் (போர் விமான) மாடல் ஒன்று கண்ணிலேயே நிற்கிறது. "ஜைரோ இருக்கு, புதுசா ஓட்டுறவங்களும் ஓட்டலாம்" என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா? எங்கே விடுவது என்பதும் புரியவில்லை. பக்கத்து கிரவுண்டில் எந்நேரமும் கிரிக்கெட்.

பெரம்பூர்க்காரன்:
மஸ்டாங் எங்கேயும் ஓடிப்போகாது தம்பி, அப்புறம் வாங்கிக்கொள். அதற்கு இறக்கை உடம்புக்குக் கீழே. சாய்த்தால் சாய்ந்தபடியே போகும், நீதான் நிமிர்த்த வேண்டும். வேகம் குறைந்தால் ஒரு பக்க இறக்கை பட்டென்று விழும். தரையிறக்கும்போதுதானே வேகத்தைக் குறைப்போம்! ஜைரோ, அதாவது ஆட்டத்தைத் தானே அடக்கும் கருவி, உதவும்தான், ஆனால் வேகமே இல்லாத இறக்கையை அதனாலும் தூக்க முடியாது.

இறக்கை மேலே இருக்கிற டிரெய்னர் (பழகுவதற்கான மாடல்) வாங்கு. அதில் இறக்கை நுனிகள் லேசாகத் தூக்கியிருக்கும். ரிமோட் குச்சியை விட்டால் பெரும்பாலும் தானே நிமிரும். புரொப்பெல்லர் பின்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது, மூக்கு மண்ணில் குத்தினாலும் மோட்டார் தப்பிக்கும். இபிஓ என்கிற வளைந்து கொடுக்கும் ஃபோமா என்று கேட்டு வாங்கு. உடைந்தால் ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாம். தெர்மாகோலில் அதை ஊற்றினால் கரைந்து குழி விழும்.

ரிமோட்டைத் தனியாக, மோட் 2-வில் (மோட்டார் வேகம் இடது குச்சியில்) வாங்கு. அடுத்தடுத்த விமானங்களுக்கும் அதுவே ஓடும்.

காசிமேட்டுக் காற்று:
காத்தாடிக்குக் காற்று வேண்டும், உனக்கு இப்போதைக்கு வேண்டாம். வெயில் ஏறினால் கடல் காற்று திரும்பிவிடும், ஃபோம் விமானத்தைப் பந்தாடும். விடிந்த கையோடு போய்விடு, கிரிக்கெட் பசங்களும் வந்திருக்க மாட்டார்கள். விமானத்தை எதிர்காற்றில்தான் கையால் எறிய வேண்டும்.

காத்தாடிக்குச் சூத்திரம் (நூல் கட்டும் முறை) தப்பானால் கரணம் அடிக்குமே, இதற்கு எடைமையம் அப்படி. கையேட்டில் குறித்த இடத்தில், இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கு. மட்டமாகவோ மூக்கு கொஞ்சம் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளு. அதைச் சரிசெய்யாமல் எறியவே எறியாதே.

இடம்தான் நம் பக்கம் தலைவலி. மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் துறைமுகம், அனல்மின் நிலையம் எதன் பக்கமும் போகாதே. 2021 ட்ரோன் விதிகளில் ஆர்சி விமானமும் அடக்கம்; எடை 2 கிலோ வரை, வியாபாரத்துக்கு இல்லையென்றால், பைலட் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் இடத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. பச்சையா என்று பார்த்துவிட்டே கிளம்பு.

வியாசைத் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணா, டிரெய்னரே எடுக்கிறேன். விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடம் வலம் மாறிக் குழம்புமாமே?

பெரம்பூர்க்காரன்:
குழம்பத்தான் செய்யும். எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, நிமிர்ந்துவிடும். ரிமோட்டைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் ஓட்டிப் பழகு. அதில் விழுந்தால் காசு போகாது.

காசிமேட்டுக் காற்று:
விமானத்தின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை மறந்துவிட்டோமே. செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம், 3.5-க்குக் கீழே போகவிடாதே. சும்மா வைக்கும்போது 3.8-ல் வை. உப்பியிருந்தால் தொடாதே. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது.