ஈஸ்ட்ரோஜன் ஏற்பி குறித்த ஜென்சனின் ஆய்வு

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கான திசுப் பரிசோதனை அறிக்கையில், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்பதைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். இந்த ஏற்பியை அமெரிக்க அறிவியலாளர் எல்வுட் ஜென்சன் எவ்வாறு கண்டறிந்தார்? இன்றைய செல் பகுப்பாய்வு அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பதில் 1: சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1950களின் பிற்பகுதியில் ஜென்சன், ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியத்தை எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனில் இணைத்து இளம் பெண் எலிகளுக்குச் செலுத்தினார். இரத்தத்திலிருந்து அந்த ஹார்மோன் விரைவில் நீங்கியபோதும், கருப்பை போன்ற திசுக்கள் அதை வேதி மாற்றம் எதுவுமின்றி நெடுநேரம் பிடித்து வைத்திருந்தன. அப்படியானால் அதைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று அச்செல்களுக்குள் இருக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். நொதிகள் மாற்றியமைத்த பின்னரே ஹார்மோன் செயல்படுகிறது என்று பலரும் நம்பிய காலத்தில், இத்தனை எளிய சோதனையால் அதை மறுத்தது பெரும் சாதனை என்றே கருதுகிறேன்.

பதில் 2: முற்காலத்தில் கட்டித் திசுவை அரைத்து ஏற்பியை அளந்ததால், அது எந்தச் செல்லில் இருந்தது என்பது தெரியாமல் போனது. இன்று மெல்லிய திசுச் சீவலில் ஏற்பியுடன் ஒட்டிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமேற்றும்போது, ஏற்பி உள்ள செல்களின் உட்கரு பழுப்பு நிறமாகத் தெரிகிறது. புற்றுச் செல்களில் 1 சதவீதமேனும் அவ்வாறு தெரிந்தால் நேர்மறை என்பார்கள்.

பதில் 3: மார்பகப் புற்றுநோயில் பரிசோதிக்கப்படும் இன்னொரு ஏற்பியான ஹெர்-2க்கு உட்கருவைப் பார்ப்பதில்லை, செல் சவ்வைச் சுற்றிய சாயத்தையே பார்க்கிறார்கள். முடிவு 2+ என்று, அதாவது உறுதியாகச் சொல்ல முடியாத இடைநிலையாக வந்தால், ஹெர்-2 மரபணுவின் படிகளை எண்ணிய பிறகே சிகிச்சையைத் தீர்மானிப்பார்கள்.