கரடி ஸ்பிரே: எதிர்காற்றில் எப்படி அடிப்பது?

நண்பர்களே, புதிதாக மலையேறுபவர்களுக்கான கரடிப் பாதுகாப்புக் குறிப்பு ஒன்று தயாராகிறது. ஒரே இடத்தில்தான் இடிக்கிறது, விஷயம் தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

இதுவரை எழுதியது: ஓடவே கூடாது, கரடி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கரடி ஸ்பிரே, அதாவது பாய்ந்து வரும் கரடியை விரட்ட அடிக்கிற மிளகாய்க் கார மருந்து டப்பா, முதுகுப்பைக்குள் கிடந்தால் இருந்தும் இல்லாத மாதிரிதான். இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ இருக்கணும். பாதுகாப்புக் கிளிப்பைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து, கரடி 9 மீட்டருக்குள் வரும்போது சற்றே கீழ்நோக்கி அடிக்கணும். தலைக்கு மேலே போனால் வீண். டப்பா சில விநாடிகளிலேயே காலியாகிவிடும். (கொசு மருந்து மாதிரி கூடாரத்தின் மேல் அடித்து வைக்கிறவர்களும் உண்டு! மருந்து காய்ந்தபின் அதன் மிளகாய் நெடி கரடியை வரவழைத்துவிடும்.)

பழுப்புக் கரடி தற்காப்புக்காகப் பாய்ந்து மேலே விழுந்தால், பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, பின்கழுத்தில் விரல்களைக் கோத்து, கால்களை அகட்டிக் கிடக்கணும். அமெரிக்கக் கறுப்புக் கரடி தாக்கினால் படுக்கக் கூடாது. மூக்கிலும் முகத்திலும் அடித்துப் போராடணும்.

இனி சந்தேகம். எதிர்காற்றில் மருந்து நம் கண்ணுக்கே திரும்புகிறது. இன்னும் நெருங்கவிட்டு அடிக்கச் சொல்கிறீர்களா, பக்கவாட்டில் நகர்ந்துவிட்டா? கடுங்குளிரில் அழுத்தம் குறைந்து வீச்சு சுருங்குவதைப் பயிற்சி டப்பாவை (காரம் இல்லாதது) வைத்து எப்படிக் காட்டுகிறீர்கள்?