பிலா (பலா) மரக் கதவில் வார்னிஷ் அடித்ததும் குறுக்குக் கீறல் தெரிகிறது. எந்த நம்பர் உப்புத்தாள் போடணும்?

களியக்காவிளை வாசி
எல்லாருக்கும் வணக்கம். வாசலில் இரட்டைக் கதவு, பிலாத் தடி, அப்பா வீடு கட்டினபோது போட்டது. பழைய வார்னிஷ் கறுத்துப் பொரிந்து கிடந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கு, நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

கடையில் 80 நம்பர் தாளும் 320 நம்பர் தாளும் தந்தார்கள். 80 வைத்து வார்னிஷை எடுத்தேன், 320 வைத்து மினுக்கினேன். கையால் தடவினால் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கதவுக்கு வார்னிஷ் அடித்துக் காய்ந்த பிறகு பார்த்தால், சட்டங்கள் சேருகிற மூலையெல்லாம் குறுக்குக் கீறல். நடுவில் மஞ்சள், ஓரத்தில் செம்பழுப்பு என்று திட்டுத் திட்டாகவும் இருக்கிறது. தாளும் இரண்டு நிமிஷத்தில் அடைத்துக்கொள்கிறது. ஒரு கதவுக்கே பதினேழு தாள் போச்சு. தாள் மட்டமா, வார்னிஷ் மட்டமா? அம்மா தினமும் அந்தக் கதவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

குழித்துறை
மூலையில் எந்தத் திசையில் தேய்த்தீர்கள்? தாளை விரலால் பிடித்தா, கட்டையில் சுற்றியா?

களியக்காவிளை வாசி
விரலால்தான். மூலையில் கை போன போக்கில், வட்டமாகவும் தேய்த்தேன்.

தச்சு வேலை, தக்கலை
மக்களே, தாளும் மட்டமில்லை, வார்னிஷும் மட்டமில்லை. 80லிருந்து நேரே 320க்குத் தாவினதுதான் வினை. நம்பர் குறையக் குறைய தாள் முரடு; 80 போட்ட கீறல் ஆழமான சால். 320 அந்தச் சாலின் மேட்டை மட்டும் மினுக்கும், பள்ளம் அப்படியே கிடக்கும். அதனால்தான் கைக்கு வழவழப்பு. வார்னிஷ் உள்ளே இறங்கினதும் பள்ளம் கறுத்துக் கண்ணில் படும்.

ஒவ்வொரு தாளுக்கும் முந்தின தாளின் கீறலை எடுப்பதுதான் வேலை. 80க்குப் பிறகு 120, பிறகு 180, கடைசியில் 220. வெறும் தடியில் அதற்கு மேல் போகாதே. ரொம்ப மினுங்கினால் வார்னிஷுக்குப் பிடிமானம் குறையும். தாள் மாற்றும் முன் தடி மேல் பென்சிலால் லேசாக நெளிகோடு போடு. கோடு முழுக்க மறையும் வரை அடுத்த தாள். ராத்திரி டார்ச்சைக் கதவோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடி, மிச்சக் கீறல் நிழலாய்த் தெரியும். நான் இன்றைக்கும் இதைச் செய்யாமல் வார்னிஷ் டப்பாவைத் திறக்கமாட்டேன்.

மூலைக்கு ஒரு முறை இருக்கு. முதலில் குறுக்குச் சட்டத்தை அதன் நார் ஓடுகிற வாக்கில் தேய். தாள் கொஞ்சம் நெட்டுச் சட்டத்துக்குள் ஏறிக் கீறும், ஏறட்டும். பிறகு நெட்டுச் சட்டத்தை மேலிருந்து கீழாகத் தேய்த்து அந்தக் கீறலை அழி. வட்டம் போடவே கூடாது. தாளை நான்காகக் கிழித்து, பழைய ரப்பர் செருப்பை வெட்டின துண்டில் சுற்றிப் பிடி. விரலால் அழுத்தினால் தடியில் பள்ளம் விழும்.

திட்டு விஷயம் வேறு. பிலா புதிதாய்த் தேய்த்தால் மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பட்டு வருஷக்கணக்கில் செம்பழுப்பாகும். நீ நடுவில் நிறையத் தேய்த்துப் புதுத் தடியைத் திறந்திருக்கிறாய், ஓரத்தில் பழைய தோல் மிச்சமிருக்கு. எல்லா இடமும் ஒரே மஞ்சளாக வரட்டும்; பிறகு தானாய்ப் பழுக்கும்.

களியக்காவிளை வாசி
அப்படியென்றால் அடித்த கதவை மறுபடி உரிக்கணுமா அண்ணா?

தச்சு வேலை, தக்கலை
உரிக்கத்தான் வேணும். ஆனால் உப்புத்தாளால் வார்னிஷை உரிக்காதே, நீ பதினேழு தாள் இழந்தது அதனால்தான். தேய்க்கிற சூட்டில் வார்னிஷ் இளகித் தாளின் மணலுக்கு இடையில் அப்பிக்கொள்ளும். பெயின்ட் ரிமூவர் போடு, இல்லையென்றால் ஸ்கிரேப்பரால் பைய சுரண்டு. எங்கள் ஆட்கள் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார்கள்; உனக்குப் பழக்கமில்லை, வேண்டாம். வார்னிஷ் போன பிறகு 80ஐ மறுபடி எடுக்காதே, 120ல் தொடங்கு.

மணவாளக்குறிச்சி
இதையும் சொல்லணும். மரத்துக்குப் போடுகிற செம்பழுப்பு உப்புத்தாள் ஒன்று உண்டு, அதில் ஒட்டியிருப்பது கார்னெட் என்கிற கனிம மணல். எங்கள் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்கானோடு சேர்ந்து கிடக்கிற அதே கார்னெட்தான். தேய்க்கத் தேய்க்க அது உடைந்து புது முனை காட்டும், கைத் தேய்ப்புக்கு நல்லது. அடைப்புதான் தொல்லை என்றால், மேலே வெள்ளைப் பொடி பூசின தாள் கேளுங்கள்.

களியக்காவிளை வாசி
ரொம்ப நன்றி. ஜன்னல் கம்பியில் பழைய பச்சை பெயின்ட் இருக்கு. அதையும் இதே தாளால் தேய்க்கலாமா?

பெயின்டிங், பாறசாலை
தம்பி, அதைக் காய்ந்தபடி தேய்க்கவே தேய்க்காதே. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. அப்பா காலத்துப் பச்சையில் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம், அந்தத் தூசி பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். கறுப்பு வாட்டர் பேப்பர், 120 நம்பர் வாங்கு. சோப்புத் தண்ணீரில் நனைத்து ஈரமாகவே தேய். கீழே பிளாஸ்டிக் விரி, என்95 மாஸ்க் போடு, வேலை முடியும்வரை பிள்ளைகள் அந்த அறைக்கு வரக் கூடாது. கம்பியை உடனே துடைத்துக் காயவைத்து அன்றைக்கே துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பிரைமர் அடி. நம்ம பக்கத்து மழை ஈரத்தில் ஒரு ராத்திரி விட்டாலே துரு பூக்கும்.

களியக்காவிளை வாசி (ஒன்பது நாள் கழித்து)
முதல் கதவு முடிந்தது. ஸ்கிரேப்பருக்குப் பிறகு 120, 180, 220, மொத்தம் ஆறு தாள்தான். டார்ச் அடித்ததில் மூன்று மூலையில் கீறல் சிக்கியது, மறுபடி தேய்த்தேன். நேற்று முதல் கோட் வார்னிஷ் போட்டேன், ஒரு கோடு தெரியவில்லை. அம்மா கதவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் கோட்டுக்கு முன் தேய்க்கணுமா?

தச்சு வேலை, தக்கலை
கொள்ளாம் மக்களே! அந்த 320க்கு இப்போதுதான் வேலை. ஓரத்தில் லேசாகத் தேய்த்துப் பார். வெள்ளைப் பொடியாய் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. பிசினாய் உருண்டால் இன்னொரு நாள் விடு. அழுத்தாமல் நார் வாக்கில் இரண்டு இழுப்பு போதும். டர்பன்டைன் நனைத்த துணியால் பொடியைத் துடைத்து, அது ஆறினதும் அடி.