லாகின் சிஸ்டம் உங்களைச் சந்தேகப்பட்ட அனுபவம் உண்டா? (தென்னாப்பிரிக்கத் தமிழர்கள்)

டர்பன் கணக்கர்:
2023, லோட் ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்த வருடம். மாதக் கடைசி. சம்பளக் கோப்பை அன்றிரவே ஏற்றியாக வேண்டும். கரண்ட் போனதும் வைஃபையும் போனது. கணவரின் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தேன். மொபைல் டேட்டாவில் போனால் டர்பனில் இருப்பவரை ஜோஹன்னஸ்பர்க் என்று காட்டும், தெரிந்ததுதானே. கொஞ்ச நேரம் முன்பு டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்தவள் இப்போது 500 கிலோமீட்டர் தள்ளி! உடனே ஓடிபி கேட்டது. என் சிம் வேறு கம்பெனி, அவர்கள் டவரில் பேட்டரி தீர்ந்திருந்தது. திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வருகின்றன, கையில் இருக்கும் ஃபோனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. வாசலுக்கு ஓடினேன், தெருமுனைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது கணக்கு பூட்டியிருந்தது. மறுநாள் துப்புரவு வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் போகவில்லை. அவர்களில் ஒருவர் வந்து என் மேஜை முன்னால் பேசாமல் நின்றார். அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பீனிக்ஸ் அக்கா:
எனக்கு நடந்தது நேர் எதிர். புனித வெள்ளியன்று ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் இருந்தேன். ஃபோனில் சிக்னல் போனது, கூட்டத்தால் என்று விட்டுவிட்டேன். சிம் ஸ்வாப்! யாரோ ஒரு திருடன் என் எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டான். என் எண் அவன் கையில், ஓடிபியும் அவனுக்கே போகிறது. ஆனாலும் பணம் போகவில்லை. வங்கியில் அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினார்: புதிய ஃபோன், சற்று முன் மாறிய சிம், பணம் பெறுபவராக அன்றுதான் சேர்த்த புதுப் பெயர், பெரிய தொகை. நான்கும் சேர்ந்ததால் நிறுத்தி வைத்திருந்தது. அந்த வரிகளைப் பார்த்ததும் கால் நடுங்கியது.

மிட்ராண்ட் நெட்வொர்க்:
என்னையும் ஒருமுறை நிறுத்தியது, ஆப்பில் இருந்த ரகசிய எண்ணைப் போட்டேன், விட்டது. அவ்வளவுதான். கணக்கர் அக்கா, சிஸ்டத்தின் மேல் கோபப்பட வேண்டாம். சாதனம், இடம், நேரம், வழக்கம் எல்லாம் பார்த்து ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போடும். குறைவு என்றால் விடும், நடுத்தரம் என்றால் இன்னொரு சான்று கேட்கும், அதிகம் என்றால் மூடும். உங்களிடம் சான்று கேட்டது சரிதான். அதை எஸ்எம்எஸ்ஸில் கேட்டதுதான் தப்பு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே எஸ்எம்எஸ்ஸில் வரும் ரகசிய எண்ணைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டியவற்றின் பட்டியலில் வைத்துவிட்டது. ஆத்தென்டிகேட்டர் ஆப் போடுங்கள். ஃபோனுக்குள் இருக்கும் ரகசியச் சாவியையும் கடிகாரத்தையும் வைத்தே 30 நொடிக்கு ஒரு ரகசிய எண் போடும், டவர் தேவையில்லை. ஃபோனின் நேரம் தானாகச் சரியாகும்படி வையுங்கள், நேரம் தவறினால் அந்த எண்ணை ஏற்காது. அப்புறம், கணக்கை மீட்கத் தரும் ரகசிய எண்களைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். ஃபோன் தொலைந்தால் அதுதான் கை கொடுக்கும். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் ஃபோனின் பூட்டைத் திறந்தே நுழைவது) கிடைத்தால் இன்னும் நல்லது, போலித் தளத்தில் வேலை செய்யாது.

லெனேசியா நர்ஸ்:
தம்பி, அக்கா யோசனை கேட்கவில்லை. அலுவலகச் சிஸ்டத்தில் எதைப் போடுவது என்று ஊழியரா முடிவு செய்கிறார்? எங்கள் மருத்துவமனையில் ஆப்தான் இருந்தது, ‘ஆம்’ என்று தட்டினால் உள்ளே விடும் வகை. நைட் டியூட்டி முடித்துப் படுத்தால் ‘உள்ளே நுழைவது நீங்களா?’ என்று ஃபோன் ஓயாமல் கேட்டது. யாரோ என் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு முயன்றுகொண்டே இருந்தான். உடன் வேலை செய்பவர் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் ‘ஆம்’ தட்டிவிட்டார். நோயாளிகளின் விவரமெல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறது. 2022-ல் ஊபர் கம்பெனியின் சிஸ்டத்துக்குள் ஒருவன் நுழைந்ததும் இப்படி அனுமதி கேட்டுக் கேட்டுத்தான். இப்போது திரையில் வரும் எண்ணை ஃபோனில் அடிக்கச் சொல்கிறார்கள், திரை முன்னால் இல்லாதவருக்கு அது தெரியாது.

டர்பன் கணக்கர்:
நர்ஸ் அம்மா சொன்னதுதான். எங்கள் ஐடி பிரிவு இன்னும் எஸ்எம்எஸ் மட்டும்தான் தருகிறது. ஆப் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. அடுத்த மாதச் சம்பளக் கோப்பைப் பகலிலேயே ஏற்றிவிடப் போகிறேன்.