அழைப்பிதழில் ஐந்தா, ஆறா?

குழு: ஆச்சி வீடு, நாசரேத்
26 ஏப்ரல் 2025, சனிக்கிழமை

ஜேக்கப், காலை 6:48
[படம்]
அச்சகத்திலிருந்து மாதிரி வந்துவிட்டது. அம்மாவின் 85-ஆவது பிறந்தநாள் ஸ்தோத்திர ஆராதனை, மே 24 சனி மாலை 5 மணி. பெயர், எழுத்து எல்லாம் சரிபாருங்கள். 11 மணிக்குள் சொல்ல வேண்டும். மே மாதம் கல்யாண அச்சு நெருக்கடி.

எஸ்தர், 6:52
ஸ்தோத்திரம். நன்றாக இருக்கிறது தம்பி.

கிரேஸ், 6:55
என் பெயருக்குப் பின்னால் எம்.எட். இல்லையே.

ஜெயசீலன், 6:56
யாருக்கும் படிப்பு போடவில்லை கிரேஸ்.

கிரேஸ், 6:56
பெரியண்ணன் பெயருக்குக் கீழே 'சுகாதார ஆய்வாளர், ஓய்வு' என்று இருக்கிறதே.

ஜேக்கப், 6:58
போட்டுவிடுகிறேன் அக்கா. அப்புறம், ஆட்டுக்கறி 60 கிலோ சொல்லியிருக்கிறேன். 300 பேர். முதலூர் மஸ்கோத் அல்வா 30 கிலோ.

பிரின்சி, 6:59
சித்தப்பா, 60 போதுமா? என் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள் 😄

ஜேக்கப், 7:00
ஆறு வருஷமாக இதையே சொல்கிறீர்கள். அன்றைக்குக் கூப்பிடாத பஸ் ஒன்று வந்தது.

ஜெயசீலன், 7:01
அந்த பஸ்ஸை நான் கூப்பிடவில்லை.

பிரின்சி, 7:10
எல்லாரிடமும் ஒன்று கேட்க வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஷைனி மைனி மே 14-ஆம் தேதி பிள்ளைகளோடு அமெரிக்காவில் டெக்ஸாஸிலிருந்து கிளம்புவதாக எஸ்தர் அத்தை சொன்னார்கள். அங்கே மணல்வாரி பரவுவதாகச் செய்தியில் பார்த்தேன். எங்கள் பாப்பாவுக்கு மே மாதம்தான் நாலு மாதம் முடியும். எல்லாரும் ஆச்சி வீட்டிலேயே தங்கலாமா?

எஸ்தர், 7:12
என் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு நோயும் இல்லை.

பிரின்சி, 7:12
இருப்பதாகச் சொல்லவில்லை அத்தை.

ஜெயசீலன், 7:13
ஊசி போட்டிருக்கிறதா இல்லையா? இதைக் கேட்பதில் என்ன தப்பு?

கிரேஸ், 7:15
வீட்டிலேயே படிக்கவைக்காமல் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால் ஊசிச் சீட்டு கேட்டிருப்பார்கள். நான் அன்றைக்கே சொன்னேன்.

எஸ்தர், 7:15
கிரேஸ், அதை இப்போது தொடங்காதே.

ராஜமணி, 7:31
பிரின்சி கேட்டது நியாயமான கேள்வி. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். மணல்வாரி என்று நாம் சொல்வதும் தட்டம்மையும் ஒன்றுதான். சின்னம்மை வேறு. அம்மை நோய்களில் இதைப்போல ஒட்டுவது வேறில்லை. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் கிருமி காற்றில் 2 மணி நேரம் வரை இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத 10 பேர் பக்கத்தில் இருந்தால் 9 பேருக்கு வந்துவிடும். தடிப்பு வெளியே தெரிவதற்கு 4 நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும், அதனால் 'காய்ச்சல் வந்தால் ஒதுக்கிவைப்போம்' என்பது இதில் நடக்காது. நம் ஊரில் முதல் ஊசி 9 மாதம் முடிந்து, அடுத்தது ஒன்றரை வயதுவாக்கில். அமெரிக்காவில் ஒரு வயது முடிந்து ஒன்று, 4 முதல் 6 வயதுக்குள் இன்னொன்று. வெளிநாட்டுப் பயணம் என்றால் 6 மாதக் குழந்தைக்கே போடுவார்கள். அதற்கும் கீழே போட வழியில்லை. அதாவது பிரின்சி பாப்பாவுக்கு ஊசி கிடையாது. சுற்றி இருக்கிற நாம்தான் அந்தப் பிள்ளைக்கு வேலி.

ஜேக்கப், 7:32
சரி அண்ணன். எழுத்துப்பிழை ஏதாவது?

எஸ்தர், 7:38
(பலமுறை முன்னனுப்பப்பட்டது)
தட்டம்மைக்கு ஊசி தேவையில்லை!! தினமும் மீன் எண்ணெய் 2 ஸ்பூன், வைட்டமின் ஏ, வேப்பிலை, பனங்கற்கண்டு. இயற்கையே மருந்து. எல்லாருக்கும் பகிருங்கள் 🙏

ஜெயசீலன், 7:39
அக்கா!

ராஜமணி, 7:52
எஸ்தர், இதை எடுத்துவிடு. பாதி உண்மை என்பதால்தான் சொல்கிறேன். தட்டம்மை வந்த பிள்ளைக்கு வைட்டமின் ஏ கொடுப்பது உண்டு. ஒரு வயதுக்கு மேல் என்றால் 2 லட்சம் யூனிட், அடுத்தடுத்து 2 நாள், மருத்துவர் கையால். கண்ணையும் உயிரையும் காப்பாற்றத்தான் அது. நோய் வராமல் தடுக்காது. தினமும் ஊற்றினால் ஈரலில் சேர்ந்துவிடும். டெக்ஸாஸ் லப்பக் ஊரில் தட்டம்மையோடு மருத்துவமனைக்கு வந்த சில பிள்ளைகளுக்கு, இப்படி வைட்டமின் ஏ அதிகமாகக் கொடுத்ததால் ஈரல் பாதிப்பு தெரிந்தது என்று கடந்த மாதம்தான் செய்தியில் வந்தது. ஜனவரிக் கடைசியில் கெய்ன்ஸ் மாவட்டத்தில் தொடங்கிய நோய், இன்றைக்கு டெக்ஸாஸில் மட்டும் 600 பேரைத் தாண்டிவிட்டது. 6 வயதில் ஒரு பிள்ளை, 8 வயதில் ஒரு பெண்பிள்ளை, இரண்டு பேர் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் ஊசி போட்டிருக்கவில்லை. இரண்டு வீட்டிலும் பிள்ளைகளை உயிராகத்தான் வளர்த்திருப்பார்கள்.

எஸ்தர், 7:54
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஜேக்கப், 7:55
வேன் இரண்டா மூன்றா? தூத்துக்குடி விமான நிலையமா, மதுரையா?

கிரேஸ், 7:56
மதுரை.

ஜெயசீலன், 7:56
தூத்துக்குடிதான் பக்கம்.

ஷைனி, 8:05
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வெள்ளி இரவு ஒன்பதரை. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இப்போதுதான் பார்த்தேன். மேலேயிருந்து எல்லாம் படித்தேன். அம்மா, நீங்கள் எனக்காகச் சண்டை போட வேண்டாம்.

பிரின்சி, 8:05
மைனி, நான் உங்களைக் குறை சொல்லவில்லை.

ஷைனி, 8:06
தெரியும்டா. நீ என்னிடமே கேட்டிருக்கலாம். பரவாயில்லை, கேட்டாயே, அது போதும்.

ஷைனி, 8:14
கிரேஸ் சித்தி, பள்ளிக்கூடத்தை நான் இழிவாக நினைத்ததே இல்லை. எனக்கு எழுத்து கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். இங்கே வீட்டுப் பள்ளியைத் தனியார் பள்ளி என்றே 1994-இல் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு, இந்த ஐந்தும் சொல்லிக்கொடுக்க வேண்டும். காலையில் குடும்ப ஜெபம், அப்புறம் கணக்கு, மதியம் தோட்டம். ஜாஷ்வா 91-ஆம் சங்கீதத்தைத் தமிழிலேயே பார்க்காமல் சொல்வான். ஞாயிறு தோறும் ஆச்சி போனில் சொல்லச் சொல்ல எழுதுகிறான், 'ழ'வை இன்னும் தலைகீழாகப் போடுகிறான். இந்தப் பகல் நேரம் முழுதும் பிள்ளைகளோடு இருக்கக் கிடைத்ததை நான் கர்த்தர் தந்த ஈவாகவே நினைக்கிறேன். நிலவேம்பு, கொள்ளு ரசம், கருப்பட்டி, எல்லாம் ஆச்சியிடம் கற்றதுதான்.

கிரேஸ், 8:16
ம்.

ஷைனி, 8:22
ஊசி விஷயம். இதுவரை அம்மாவுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. சபையில் யாரும் போடக் கூடாது என்று எங்களிடம் சொன்னதில்லை. ஜாஷ்வாவுக்கு முதல் ஊசி போட்டோம். சாமுக்கும் 14 மாதத்தில் போட்டோம். ஒன்பதாவது நாள் காய்ச்சல் ஏறி, என் மடியிலேயே வலிப்பு வந்தது. கண் மேலே சொருகி, உதடு நீலமாகி, ஒரு கையில் பிடித்த கரண்டியை விடவே இல்லை. இரண்டு நிமிஷம்தான் என்று ஆல்வின் சொல்கிறார். கொண்டுபோன இடத்தில், இது சகஜம், வீட்டுக்குப் போங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஏன் வந்தது, திரும்ப வருமா, ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்து அம்மாக்கள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள், ஒரு வாரம் சமைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்த ஊசியும் போடவில்லை. ரூத்துக்கு ஒன்றுமே போடவில்லை. மூன்று வயதாகிறது.

எஸ்தர், 8:24
மக்களே, என்னிடம் ஏன் சொல்லவில்லை?

ஜெயசீலன், 8:25
ஷைனி, நான் அவசரப்பட்டுவிட்டேன் அம்மா. மன்னித்துக்கொள்.

ராஜமணி, 8:43
ஷைனி, ஆறு வருஷமாக இதை ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாயே. அந்தத் தாளைக் கொடுத்தவர் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தால் போதும். 34 வருஷம் ஊசிப் பெட்டியைத் தூக்கியவன் சொல்கிறேன், எங்கள் வேலையில் நாங்கள் செய்கிற பெரிய பிழை அதுதான். 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி என்று அறிவித்தபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, ஒரு பள்ளியில் தாய்மார்கள் கேட்டை மறித்து நின்றார்கள். மேலதிகாரி அவர்களைத் திட்டினார். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டேன். பாதிப்பேருக்கு, முன்னால் ஏதோ ஒரு ஊசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த பயம். அவ்வளவுதான்.

சாமுக்கு வந்தது காய்ச்சல் வலிப்பு. இந்த ஊசியால் 3000, 4000 பிள்ளைகளில் ஒன்றுக்கு வரும், பெரும்பாலும் 1, 2 வயதில், போட்டு ஒன்று இரண்டு வாரத்துக்குள். நீ சொன்ன ஒன்பதாவது நாள் அதற்குச் சரியாக இருக்கிறது. பார்க்க உயிர் போகும், ஆனால் மூளைக்குப் பழுது வைக்காது. காய்ச்சல் வலிப்பு 5 வயது தாண்டினால் அநேகமாக வராது. அவனுக்கு இப்போது ஏழு. தட்டம்மை வந்தாலோ காய்ச்சல் 104 டிகிரியைத் தாண்டியும் போகும், வலிப்பு அதிலும் வரும். உன் பிள்ளைகள் கீரையும் கொள்ளும் தின்று வளர்கிறார்கள், அது பெரிய பலம். சத்தான பிள்ளை நோயைத் தாங்கும். ஆனால் நோய் வாசலுக்கு வரும்போது என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டு உள்ளே வராது.

ரூத்துக்கு என்று தனியாக ஒன்று. அங்கே சின்னம்மையையும் சேர்த்து நாலு நோய்க்கு ஒரே ஊசியாகப் போடுவது உண்டு. அதில் வலிப்பு கொஞ்சம் கூடுதல். அண்ணனுக்கு வலிப்பு வந்ததைச் சொல்லி, சின்னம்மையைச் சேர்க்காமல் தட்டம்மை ஊசியைத் தனியாகப் போடக் கேள். சொன்னால் பெரும்பாலும் பிரித்துத்தான் போடுவார்கள். சக்தி பிடிக்க இரண்டு வாரம். திங்கள் போட்டால் மே 12. நீ கிளம்புவது 14.

கிரேஸ், 8:45
பெரியண்ணன் எழுதியது சரி.

ஷைனி, 8:47
பெரிய மாமா, இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. நாங்கள் இருக்கிற மிட்லேண்டிலிருந்து கெய்ன்ஸ் மாவட்டம் ஒரு மணி நேரம்தான். எங்கள் கூட்டத்து ஒரு குடும்பத்தின் உறவுக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

செல்வி, 8:58
அத்தை பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் வாசித்துக் காட்டினேன். ஷைனிக்கு எழுது என்றார்கள். அத்தை சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

செல்வி, 9:09
"ஷைனி, நான் ஆச்சி. பவுலுக்கு மூன்று வயது. அண்ணா முதலமைச்சர் ஆன மாதம். தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் மணல்வாரி வந்தது, ராஜமணிக்கும் வந்தது, இவன் எழுந்துவிட்டான். வேப்பிலை விரித்தோம். இளநீரும் கருப்பட்டித் தண்ணீரும் கொடுத்தோம். சபை ஐயர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். தாத்தா மூன்று நாள் உபவாசம். எல்லாம் செய்தோம் பிள்ளை, ஒன்றையும் விடவில்லை. ஏழாம் நாள் நெஞ்சு கட்டி மூச்சு இழுத்தது. அப்போது நம் ஊரில் அந்த ஊசி கிடையாது. இருந்திருந்தால் நான் திருச்செந்தூருக்கு நடந்தே போய்ப் போட்டிருப்பேன். ஜெபம் பண்ணிக்கொண்டே போட்டிருப்பேன். எஸ்தர் அப்போது கைப்பிள்ளை, அவளுக்கு நினைவு இராது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் நீ என் வீட்டுக்கு வா. ரூத்தை நான் பார்க்க வேண்டும்."

ஜெயசீலன், 9:11
அம்மா இதுவரை இதைப் பேசியதே இல்லை.

எஸ்தர், 9:12
எனக்கு எதுவும் தெரியாது. தம்பி ஒருவன் இறந்தான் என்று மட்டும்.

ராஜமணி, 9:13
உனக்கு அண்ணன், எஸ்தர்.

எஸ்தர், 9:13
ஆமாம். அண்ணன்.

ராஜமணி, 9:15
எனக்குப் பக்கத்துப் பாயில்தான் கிடந்தான்.

செல்வி, 9:18
இன்னொன்று. அழைப்பிதழையும் அத்தைக்குக் காட்டினேன். 'பிள்ளைகள் ஐவர்' என்று இருக்கிறதாம். நான் ஆறு பெற்றேன், ஆறு போடச் சொல் என்கிறார்கள்.

ஜேக்கப், 9:20
போடுகிறேன் மைனி. பெயர் எப்படி எழுத? பால்ராஜா, பவுல்ராஜா?

ராஜமணி, 9:21
ஞானஸ்நானப் பதிவில் பவுல்ராஜ்.

ஜெயசீலன், 9:21
சிலுவைக் குறி போட வேண்டாமா?

எஸ்தர், 9:22
பிறந்தநாள் அட்டையில் சிலுவைக் குறியா?

கிரேஸ், 9:24
ஜேக்கப், என் பெயருக்கு எம்.எட். வேண்டாம். வெறும் பெயரே இருக்கட்டும்.

ஷைனி, 9:31
ஆல்வினோடு பேசினேன். ஜாஷ்வா, சாம் இரண்டு பேருக்கும் திங்கள் காலை இரண்டாவது ஊசிக்கு நேரம் கேட்கிறோம். ரூத்துக்கு எனக்கு இன்னும் கை நடுங்குகிறது மாமா. தனியாகப் போடுவார்களா என்று முதலில் அவர்களிடம் கேட்கிறேன். இன்றும் நாளையும் ஜெபிக்கிறேன். ஆச்சி சொன்னதை ஆல்வினுக்கு வாசித்தேன், அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ராஜமணி, 9:33
இரவு எந்நேரமும் கூப்பிடு. அங்கே பேச வேண்டிய ஆள் இருந்தால் அவரையும் இணைத்துக்கொள். போட்ட பிறகு ஏழாவது நாளிலிருந்து பன்னிரண்டாவது நாள் வரை நானே தினமும் கூப்பிட்டுக் காய்ச்சல் கேட்பேன்.

பிரின்சி, 9:35
மைனி, ரூத்துக்குப் போடாவிட்டாலும் வாருங்கள். நானும் பாப்பாவும் பெரியப்பா வீட்டு மாடியில் இருந்துகொள்கிறோம். ஆராதனைக்கு மட்டும் எப்படி என்று பார்க்க வேண்டும்.

எஸ்தர், 9:36
வெளியே பந்தலில் வைத்தால்?

ஜெயசீலன், 9:36
மே மாத வெயிலிலா?

எஸ்தர், 9:37
மாலை 5 மணிதானே.

ஜேக்கப், 9:40
பந்தல் என்றால் 40 நாற்காலி கூடும். விலை கேட்கிறேன்.

ஷைனி, 9:41
சின்ன மாமா, கேக்குக்கு சீனி வேண்டாம், உடன்குடி கருப்பட்டியில் செய்ய முடியுமா?

ஜேக்கப், 9:42
கேட்டுப் பார்க்கிறேன் அம்மா. மஸ்கோத் அல்வாவில் சீனிதான், அதை மாற்ற முடியாது.

ஜேக்கப், 11:20
அச்சகத்தில் ஆறு பெயருக்கு இடம் பத்தவில்லை, வரியை மாற்றிக் கோர்க்க வேண்டும் என்கிறார்கள். இன்று அரைநாள்தான், பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். திங்கள் திரும்பப் போகிறேன். அதற்குள் சிலுவைக் குறி வேண்டுமா வேண்டாமா என்று யாராவது அம்மாவிடமே கேட்டுச் சொல்லுங்கள்.