விண்டோஸ் ஏறவே மாட்டேங்குது: ரேமா, டிஸ்க்கா?

கேள்வி:
நாலு நாளா மல்லுக்கட்டுறேன். விண்டோஸ் 10 இன்ஸ்டால் முதல் தடவை 23 சதவீதத்தில் நின்னது, அடுத்து 61, அப்புறம் 8. ஃபைல் பழுதுன்னு எர்ரர். பென்டிரைவை மாத்தி, ஐஎஸ்ஓவை (விண்டோஸ் இன்ஸ்டால் பண்ற ஃபைல்) புதுசா இறக்கியும் அதே கதைதான். அம்மாவோட பழைய போட்டோ எல்லாம் அதே மெஷினில் இருக்கிற ஹார்டு டிஸ்க்கில். பயமா இருக்கு.

பதில்:
ஒவ்வொரு தடவையும் வேற இடத்தில் நிக்குதுன்னா என் சந்தேகம் ரேம் (கம்ப்யூட்டரோட தற்காலிக நினைவகம்) மேலதான். ஃபைல்களை ரேமில் வச்சுத்தான் இன்ஸ்டாலர் விரிக்கும். அங்க ஒரு பிட் மாறினாலும் செக்சம் (ஃபைல் சரியா இருக்கான்னு பார்க்கிற கணக்கு எண்) ஒத்துவராது. டிஸ்க்கில் பேட் செக்டார்னா (பழுதான இடம்) பெரும்பாலும் ஒரே இடத்தில் இழுக்கும். எக்ஸ்எம்பியை (ரேம் வேகத்தைக் கூட்டுற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு மெம்டெஸ்ட்86 (ரேமைச் சோதிக்கிற புரோகிராம்) ஓட்டுங்க.

இன்னொருவர்:
அதுக்கு முன்னாடி போட்டோ டிஸ்க்கைக் கழட்டி வைங்க. பார்ட்டிஷன் (டிஸ்க்கில் விண்டோஸ் ஏறுற பகுதி) தேர்வில் கை தவறினா போட்டோ அவ்வளவுதான்.

கேட்டவர்:
கழட்டிட்டேன். மெம்டெஸ்ட் போட்ட 10 நிமிஷத்திலேயே சிவப்பு வரிகளா கொட்டுச்சு. இருந்தது ரெண்டு 4 ஜிபி ரேம். ஒவ்வொண்ணா தனியா போட்டு, ஸ்லாட்டையும் மாத்திப் பார்த்தேன்; ஒரு ரேம் எந்த ஸ்லாட்டில் போனாலும் எர்ரர் கூடவே போகுது. நல்ல ரேமை மட்டும் வச்சு விண்டோஸை எஸ்எஸ்டியில் (மெஷினில் இருக்கிற இன்னொரு டிஸ்க்) போட்டேன், ஏறிடுச்சு. போட்டோ எல்லாம் பத்திரம். இப்போ காப்பி ஓடிட்டு இருக்கு. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க.