‘மூலிகைச் சத்து’ வேண்டாம், ‘மருந்துக்கூறு’ எனலாம்

அன்புடையீர், வணக்கம்.

முடக்குவாதம் என்னும் மூட்டழற்சி நோய்க்குச் சீன மரபு மருத்துவர்கள் தரும் தாவரங்களிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வேதிப்பொருள்களை ‘மூலிகைச் சத்து’ என்று குறிக்கலாம் என்னும் பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. சொல் எளியது, காதுக்கும் இனியது. ஆனால் சத்து என்றதும் நம் மனத்தில் எழுவது சத்துமாவும் இரும்புச்சத்தும்தான். உடலைத் தேற்றுவது, கெடுதல் செய்யாதது என்ற எண்ணம் அச்சொல்லோடு ஒட்டியே வருகிறது.

லெய் கோங் தெங் என்ற கொடியைப் பாருங்கள். இடித்தேவனின் கொடி என்பது அப்பெயரின் பொருள். வேரின் தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்கட்டையை மட்டுமே மருந்துக்கு எடுக்கிறார்கள், ஏனெனில் தோலும் இலையும் கொடிய நஞ்சு. அக்கொடியிலுள்ள டிரிப்டோலைடு என்னும் வேதிப்பொருள், மரபணுப் படியெடுப்புக்குத் தேவையான ஒரு புரதத்தைப் பற்றி முடக்குவதால் அழற்சி தணிகிறது. கல்லீரலையும் விந்தணு உற்பத்தியையும் மாதவிலக்கையும் பாதிக்கக்கூடியதும் அதே டிரிப்டோலைடுதான். இதைச் சத்து என்று அச்சிட்டால், மூட்டுவலியால் தவிக்கும் ஒருவர் நம் சொல்லை நம்பி ஏமாறுவார்.

‘தாவர வேதிப்பொருள்’ பிழையற்றது, ஆயினும் மாவுப்பொருளும் செல்லுலோசும் அதில் அடங்கிவிடும். ‘வினைப்பொருள்’ என்றால் வேதியியல் பாடநூல்களின் வினைபடுபொருளோடு மயங்கும்.

ஆகவே ‘மருந்துக்கூறு’ என்பதை முன்வைக்கிறேன். நோய்க்கும் மருந்து கொடுக்கிறோம், பயிரில் விழுந்த பூச்சிக்கும் மருந்து அடிக்கிறோம். காக்கும் ஆற்றலையும் கொல்லும் ஆற்றலையும் ஒருசேரச் சுமக்கும் சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. சீன உழவர்களும் இதே கொடியின் வேரைப் பூச்சிகளைக் கொல்லப் பயன்படுத்தியவர்கள் என்பதால், சொல் பொருளோடு நன்றாகவே பொருந்துகிறது.

இன்னொரு பிரிப்பும் தேவை. சிங் ஃபெங் தெங் கொடியிலிருந்து கிடைக்கும் சினோமெனின் தனிப்பொருள், எனவே அது மருந்துக்கூறு. பியோனி என்னும் பூச்செடியின் வேரிலிருந்து எடுப்பதோ, பியோனிஃபுளோரின் மிகுந்த பல கிளைக்கோசைடுகளின், அதாவது சர்க்கரை இணைந்த சேர்மங்களின், கலவை. அதனைக் ‘கூட்டு மருந்துக்கூறு’ எனலாம். சீனாவில் 207 முடக்குவாத நோயாளிகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், இந்நோய்க்கு வழக்கமாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்துக்குத் தாழாத பலனைத் தந்தது இடித்தேவன் கொடியின் கூட்டு மருந்துக்கூறே தவிர, தனித்த டிரிப்டோலைடு அன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், அந்த ஆய்வு நிறுவாததை நிறுவியதாக நாம் எழுதிவிடுவோம்.